பழைய பாடசாலைச் சேவை பஸ்ஸை வீடாக்குதல்: தரையைப் பெயர்க்க வேண்டுமா, மேலேயே புதிதாகப் போடலாமா?

மேல்கொத்மலைச் சாரதி:

அனைவருக்கும் வணக்கம். தலவாக்கலைக்கும் ஹட்டனுக்கும் இடையில் 19 ஆண்டுகள் பாடசாலைச் சேவையில் ஓடிய என் பஸ்ஸைக் கடந்த டிசம்பர் விடுமுறையுடன் நிறுத்திவிட்டேன். 2020இல் வாகன இறக்குமதி தடைப்பட்டிராவிட்டால் அதை எப்போதோ மாற்றியிருப்பேன். கிடைக்காத வண்டிக்காகக் காத்திருந்து, இருந்ததையே ஒட்டுப்போட்டு ஓட்டியதன் பலனாக, இப்போது விற்கப் போனால் பழைய இரும்பு விலைக்குத்தான் கேட்கிறார்கள். எங்களுடையது 7 பேர்ச் காணியில் அமைந்த தோட்ட வீடு. மகனுக்கு அடுத்த ஆண்டு திருமணம் வைத்திருக்கிறோம். பின்புறச் சரிவை வெட்டி இன்னோர் அறை எழுப்புவது எனக்குச் சரியாகப் படவில்லை. ஆகவே, பஸ்ஸை வீட்டின் பக்கவாட்டில் நிலையாக நிறுத்தி, அதையே இருவர் தங்கும் குடியிருப்பாக மாற்றத் தீர்மானித்திருக்கிறோம்.

வண்டி லேலண்ட் செசியின் (அடிச்சட்டகத்தின்) மீது உள்ளூரிலேயே பொடி (வண்டிக் கூடு) கட்டப்பட்டது. உட்பகுதி ஏறக்குறைய 7 மீற்றர் நீளமும் 2.2 மீற்றர் அகலமும் கொண்டது. இரும்புக் குறுக்குச் சட்டங்கள், அவற்றின் மேல் பலகை, பலகையின் மேல் அலுமினியச் செக்கர் தகடு (வழுக்காதபடி புடைப்புகள் உள்ள தகடு), நடைபாதையில் மட்டும் றப்பர் விரிப்பு என்பதே தரையின் அமைப்பு. இருக்கைகளைக் கழற்றிவிட்டோம். சில இடங்களில் மிதித்தால் தரை மெத்தை போல அமுங்குகிறது. எங்கள் ஊர் பாஸ் (கைவினைஞர்) ஒருவர், பழையதைப் பெயர்த்தால் வேலை இழுபடும் என்றும், செக்கர் தகட்டின் மேலேயே 18 மில்லிமீற்றர் பிளைவுட்டை அடித்துவிட்டால் போதும் என்றும் சொல்கிறார். செலவு குறையும் என்பதால் மனம் அந்தப் பக்கமே சாய்கிறது. அனுபவமுள்ளவர்கள் எனக்கு வழிகாட்ட வேண்டும்.

பண்டாரவளைத் தச்சர்:

சாரதி ஐயாவுக்கு வணக்கம். முடிவெடுக்கும் முன் ஒரு வேலையைச் செய்யுங்கள். ஒரு பழைய திருப்புளியை எடுத்துக்கொண்டு வண்டிக்குக் கீழே படுத்து, பலகையின் அடிப்பக்கத்தை ஒவ்வொரு சாணுக்கும் ஒருமுறை குத்திப் பாருங்கள். முனை உள்ளே இறங்கும் இடங்களைச் சுண்ணாம்புக் கட்டியால் குறித்து, ஒரு தாளில் தரையின் படத்தை வரைந்து அவற்றை அதில் இடுங்கள். உக்கிய பலகை எங்கே இருக்கிறது என்பது தெரிந்தால், நீர் எங்கிருந்து வந்தது என்பதும் பெரும்பாலும் தெரிந்துவிடும்.

மேல்கொத்மலைச் சாரதி:

தம்பி, நீங்கள் சொன்னபடியே இன்று காலை பார்த்தேன். இடது பக்கச் சுவரோரமாக ஓர் அடி அகலத்துக்கு முன்னிருந்து பின்வரை பலகை உக்கிப்போயிருக்கிறது. பின்சக்கர வளைவுகள் இரண்டின் முன்புறத்திலும் அப்படியே. மிதிபலகைக்கு மேலுள்ள பகுதி கையால் பிய்க்கக்கூடியதாக இருக்கிறது. வலது பக்கச் சுவரோரம் பரவாயில்லை. நான் மிகவும் மோசமாக இருக்கும் என்று நினைத்த நடைபாதைதான் எல்லாவற்றிலும் உறுதியாக இருக்கிறது.

பண்டாரவளைத் தச்சர்:

நடைபாதையை றப்பர் விரிப்பு காப்பாற்றியிருக்கிறது. சக்கர வளைவுகளின் முன்புறம் உக்கியதற்குக் காரணம் சக்கரம் அடித்த சேற்றுநீர். மிதிபலகையில் பிள்ளைகளின் நனைந்த சப்பாத்துகளும் குடைகளும் தம் வேலையைச் செய்திருக்கின்றன. இந்த இரண்டும் வண்டி நின்றவுடன் நின்றுவிடும். நீங்கள் கவலைப்பட வேண்டியது இடது சுவரைப் பற்றித்தான். ஒரு பக்கம் மட்டும் நீளவாக்கில் உக்கியிருந்தால், அந்தப் பக்க ஜன்னல்களின் றப்பர் பட்டிகளோ கூரையோரத் தகட்டின் இணைப்போ கசிகிறது என்று பொருள். மழைநீர் உட்சுவர்த் தகட்டுக்குப் பின்னால் வழிந்து, யார் கண்ணிலும் படாமல் தரையின் ஓரத்தில் தேங்கியிருக்கும். அந்தக் கசிவை நிறுத்தாமல் தேக்கு மரத்திலேயே தரை போட்டாலும் அதுவும் உக்கும்.

ஆகவே முதலில் ஜன்னல்கள், பிறகுதான் தரை. ஒருவர் உள்ளே டோர்ச்சுடன் நிற்க, மற்றவர் வெளியே குழாயால் ஒவ்வொரு ஜன்னலுக்கும் 5 நிமிடங்கள் கீழிருந்து மேலாக நீர் அடிக்க வேண்டும். மேலிருந்து தொடங்கினால் எந்த இணைப்பு கசிந்தது என்பது தெரியாமல் போய்விடும்.

மேலேயே அடிப்பது பற்றி: புதிய பிளைவுட்டின் ஆணிகள் உக்கிய பலகையில் பிடிக்காது. ஈரமான பழைய பலகை செக்கர் தகட்டுக்கும் புதிய பிளைவுட்டுக்கும் கீழே அடைபட்டு, சரியாக உலர வழியின்றி, குறுக்குச் சட்டங்களையும் சேர்த்து அரித்துக்கொண்டிருக்கும். முழுவதையும் பெயர்த்துவிடுங்கள் என்பதே என் கருத்து.

ஊவாத் தென்றல்:

நானும் பெயர்ப்பதையே ஆதரிக்கிறேன். அமெரிக்காவில் மஞ்சள் நிறப் பாடசாலைப் பஸ்களை வீடாக்குபவர்களின் காணொளிகளை ஓராண்டாகப் பார்த்து வருகிறேன். அவர்களின் முறை ஏறக்குறைய ஒன்றுதான். றப்பர் விரிப்பையும் அதன் கீழுள்ள அரை அங்குல அளவிலான பிளைவுட்டையும் கடப்பாரையால் பெயர்த்து, வெளிப்படும் உருக்குத் தரையின் துருவைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, துருமாற்றித் திரவம் பூசி, இருக்கைப் போல்ட் துளைகளை அடைத்து, வர்ணம் பூசுகிறார்கள். அதன் மேல் ஓர் அங்குல நுரைப்பலகையை முழுத் தரைக்கும் பரப்பி, பிளைவுட் வைத்து, கடைசியாக வினைல் பலகைகளைப் பதிக்கிறார்கள். சாரதி அண்ணனும் இதையே அப்படியே பின்பற்றலாம்.

பண்டாரவளைத் தச்சர்:

தென்றல், அந்தக் காணொளிகள் நல்லவைதான். ஆனால் "அப்படியே" என்ற சொல்லில்தான் ஆபத்து இருக்கிறது. அங்குள்ள பஸ்ஸில் ஏறக்குறைய 2 மில்லிமீற்றர் தடிப்புள்ள உருக்குத் தகடு, ஒரு பெரிய தட்டுப் போலத் தரை முழுவதையும் மூடியிருக்கிறது. பிளைவுட் அந்தத் தட்டின் மேல் கிடப்பது மட்டுமே. ஐயாவின் வண்டியில் அப்படியொரு தட்டு கிடையாது. பலகையைப் பெயர்த்தால், குறுக்குச் சட்டங்களுக்கிடையில் நேராகப் புல்தரைதான் தெரியும். இங்கே பலகையே தரை. அது பாரத்தையும் தாங்க வேண்டும், கீழிருந்து வரும் ஈரத்தையும் தடுக்க வேண்டும். அவர்களுடைய முறைப்படி நுரைப்பலகையைக் குறுக்குச் சட்டங்களின் மேல் நேராகப் பரப்பினால், சட்டங்களுக்கிடையில் அது எதன்மீதும் தங்காது. கால் பட்ட இடத்தில் உடையும். ஒரு மாதத்தில் எலி அதில் குடிவந்துவிடும்.

நாவலப்பிட்டி வெல்டிங்:

நான் பஸ் பொடி வேலை செய்பவன் என்பதால் இரும்பைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

செக்கர் தகட்டைப் பிடித்திருக்கும் றிவிட்டுகளின் தலைகளைத் துளைப்பானால் எடுங்கள். உளியால் அடித்தால் தகடு கிழியும். அந்தத் தகட்டை நல்ல விலைக்கு விற்கலாம், அல்லது குளியல் மூலைக்கு வைத்துக்கொள்ளலாம். றிவிட்டைச் சுற்றி வெள்ளைத் தூள் படிந்திருப்பதைக் காண்பீர்கள். அலுமினியமும் இரும்பும் ஈரத்தில் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியம்தான் முதலில் கரையும், அந்தத் தூள் அதன் அடையாளம். மீண்டும் எங்காவது அலுமினியத்தைப் பொருத்துவதாயின் இடையில் றப்பர் பட்டியோ தடித்த வர்ணப் பூச்சோ இருக்கட்டும்.

பலகையைப் பிடித்திருக்கும் பழைய போல்ட்டுகளைக் கழற்றும் முயற்சியில் ஒரு நாளை வீணாக்க வேண்டாம். கீழிருந்து கிரைண்டரால் நட்டை வெட்டிவிடுங்கள். ஆனால் வெட்டுவதற்கு முன், பிரேக் குழாய், டீசல் குழாய், பின்விளக்குகளுக்குச் செல்லும் வயர்க் கட்டு ஆகியன எந்தச் சட்டத்தை ஒட்டிச் செல்கின்றன என்று பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். வண்டி இனி ஓடாது என்றால் டீசல் தாங்கியை வெறுமையாக்கிக் கழற்றி அப்புறப்படுத்திய பின்பே தீப்பொறி வேலையைத் தொடங்குவது நல்லது. வெல்டிங் செய்வதற்கு முன் பற்றரியின் இரண்டு முனைகளையும் கழற்ற வேண்டும்.

பலகை போனபின் ஒவ்வொரு குறுக்குச் சட்டத்தையும் சிறிய சுத்தியலால் தட்டிப் பாருங்கள். மணிபோலக் கணீரென்று ஒலித்தால் நல்லது. மந்தமாக ஒலித்தாலோ செதிள் செதிளாக உதிர்ந்தாலோ அங்கே துண்டு வெட்டி மாற்ற வேண்டும். சட்டத்தின் நடுப்பகுதியைவிட, பக்கச் சுவருடன் இணையும் முனைகளில்தான் அரிப்பு அதிகமாக இருக்கும். கல்வனைஸ் இரும்பை வைத்து ஒட்டுவதானால், ஒட்டும் இடத்தில் நாகப் பூச்சைத் தேய்த்து நீக்கிவிட்டே ஒட்டுங்கள். நாகப் பூச்சு எரியும் புகையைச் சுவாசித்தால் இரவில் காய்ச்சலும் நடுக்கமும் வரும். எனக்கு வந்திருக்கிறது.

லிந்துலைக் கொழுந்து:

துருமாற்றித் திரவத்தின் விலையைக் கேட்டால் தலை சுற்றுகிறது. எங்கள் தொழிற்சாலையில் தேயிலைச் சாயம் பட்ட இரும்பு கறுத்துப்போவதைத் தினமும் பார்க்கிறோம். கடைகளில் விற்கும் திரவத்திலும் தனின் என்ற பொருள்தான் இருக்கிறது என்கிறார்கள். கழிவுத் தேயிலையைக் கொதிக்க வைத்துப் பூசினால் என்ன?

நாவலப்பிட்டி வெல்டிங்:

கேள்வி நியாயமானதுதான், மலையகத்தில் இதை யாரும் கேட்காமல் இருந்தால்தான் வியப்பு. இரும்பு கறுப்பது உண்மை. ஆனால் துருமாற்றியில் உள்ள தனிக் அமிலம் செறிவானது. அதில் துருவுடன் சேர்ந்து படலமாக இறுகும் பிசினும் இருக்கிறது. தேநீர்ச் சாயம் மேற்பரப்பைக் கறுப்பாக்கிவிட்டு, துருவை உள்ளேயே விட்டுவிடும். அத்துடன் நீங்கள் இரும்பின் மேல் மறுபடியும் நீரை ஊற்றியவராகவும் ஆவீர்கள். விலை கட்டுப்படியாகாவிட்டால், துருவை வெளிச்சமான இரும்பு தெரியும்வரை கிரைண்டர் தூரிகையால் தேய்த்து, டின்னரால் (வர்ணக் கரைப்பானால்) துடைத்து, அன்றே எபொக்சி பிரைமர் (அடிப்பூச்சு) இரண்டு பூச்சுப் பூசிவிடுங்கள். உழைப்பு அதிகம், பணம் குறைவு. துருமாற்றி தேவைப்படுவது தூரிகை எட்டாத மூலைகளுக்கு மட்டுமே.

கினிகத்தேனை மழை:

இவ்வளவு சிரமம் எதற்கு என்று கேட்கிறேன். வண்டி இனி ஓடப்போவதில்லை. குறுக்குச் சட்டங்களின் மேல் தகரத்தை விரித்து, கம்பி வலை வைத்து, ஓர் அங்குலம் சீமெந்துக் கலவை போட்டு, சிவப்பு மெழுகித் தேய்த்துவிட்டால், எங்கள் பாட்டி வீட்டுத் தரைபோல 50 ஆண்டுகள் இருக்குமே?

நாவலப்பிட்டி வெல்டிங்:

எடை தாங்காது. 15.4 சதுர மீற்றரில் 25 மில்லிமீற்றர் கலவை போட்டால் ஏறக்குறைய 770 கிலோகிராம் வரும். அதே பரப்புக்கு 18 மில்லிமீற்றர் பிளைவுட் 170 கிலோகிராமைத் தாண்டாது.

பண்டாரவளைத் தச்சர்:

அண்ணன் கணக்கில் பிழையில்லை. ஆனால் எடை சரியான காரணமன்று. அந்த வண்டி காலையும் மாலையும் 50 பிள்ளைகளையும் அவர்களுடைய புத்தகப் பைகளையும் சுமந்து மலைப்பாதை வளைவுகளில் ஏறியது. 770 கிலோகிராம் அதற்கு ஒரு பொருட்டல்ல. உண்மையான தடை வேறு. பஸ்ஸின் பொடி அசையும் தன்மை கொண்டது. காற்றடித்தாலும், ஒருவர் கதவைத் திறந்து ஏறினாலும், வெயிலில் தகடு விரிந்தாலும் அது சிறிது முறுகும். சீமெந்து அதற்கு இணங்காமல் வெடிக்கும். வெடிப்பின் வழியாக இறங்கும் நீர் தகரத்தின் மேல் தங்கும், அதை யாராலும் பார்க்கவோ துடைக்கவோ முடியாது. பலகைத் தரையில் ஒரு துண்டு கெட்டால் அந்தத் துண்டை மட்டும் திருகு கழற்றி மாற்றலாம்.

சிவப்புத் தரையின் குளிர்ச்சி எனக்கும் பிடிக்கும். ஆனால் தலவாக்கலையில் யாருக்கு இன்னும் குளிர்ச்சி வேண்டும்?

நுவரெலியாப் பனிமூட்டம்:

குளிர் என்ற சொல் வந்துவிட்டதால் நானும் எழுதுகிறேன். 1868 மீற்றர் உயரத்தில் ஒரு பழைய கொள்கலனை அறையாக்கி 3 ஆண்டுகளாக அதில் தையல் வேலை செய்கிறேன். நான் செய்த தவறைச் சாரதி அண்ணன் செய்யக்கூடாது.

ஈரம் கீழிருந்து வரும் என்று பயந்து, தரைக்கு மேல் பொலித்தீனை விரித்து, அதன் மேல் கம்பளம் போட்டேன். இரண்டாவது மழைக்காலத்தில் கம்பளத்தைத் தூக்கியபோது அதன் அடிப்பக்கம் முழுவதும் கறுப்புப் பூஞ்சை. ஒரு சொட்டு மழைநீர்கூட உள்ளே வந்திருக்கவில்லை. அந்த நீர் எங்கள் மூச்சிலிருந்தும் அயர்ன் பெட்டியின் ஆவியிலிருந்தும் வந்தது. அறையின் வெப்பநிலை 18 பாகை செல்சியஸாகவும் காற்றின் ஈரப்பதன் 80 சதவீதமாகவும் இருந்தால், 14.5 பாகைக்குக் கீழே குளிர்ந்த எந்தப் பொருளின் மீதும் அந்த ஆவி நீராகப் படியும். ஜனவரி இரவில் எங்கள் இரும்புத் தரை 10 பாகைக்கும் கீழே இறங்குகிறது. நான் விரித்த பொலித்தீன் அந்த நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும் தட்டாகவே ஆகிவிட்டது.

ஆகவே, தரைக்கு வெப்பக்காப்பு அவசியம். ஆனால் அது குளிர்ந்த பரப்புடன் இடைவெளியில்லாமல் ஒட்டியிருக்க வேண்டும். ரிஜிபோமை (வெள்ளை நுரைப்பலகையை) ஒட்டும்போது றப்பர் சொலூஷனையோ டின்னர் கலந்த பசையையோ பயன்படுத்தாதீர்கள். ரிஜிபோம் சீனிபோலக் கரைந்துவிடும். இதை நான் ஒரு முழுப் பலகையை இழந்து கற்றேன்.

மேல்கொத்மலைச் சாரதி:

தங்கச்சியின் விளக்கம் என் கண்ணைத் திறந்தது. அப்படியானால் தட்டில்லாத என் வண்டியில் வெப்பக்காப்பை எங்கே வைப்பது? தலைக்கு மேலுள்ள உயரம் 6 அடி 2 அங்குலம்தான். என் மகனோ 5 அடி 11 அங்குலம்.

பண்டாரவளைத் தச்சர்:

உயரத்தை இழக்காமல் செய்யலாம். பிளைவுட்டைக் குறுக்குச் சட்டங்களின் மேல் நேராகத் திருகி, ரிஜிபோமைக் கீழ்ப்புறத்திலிருந்து, சட்டங்களுக்கிடையிலான இடைவெளியின் அளவுக்குச் சரியாக வெட்டி, பிளைவுட்டின் அடியில் ஒட்டுங்கள். அதன் கீழே மெல்லிய துளைக் கம்பி வலையைச் சட்டத்தோடு சட்டமாகப் பிடித்துவிட்டால் எலியும் நுழையாது, ஈரமும் அடைபடாது. நீங்கள் இழப்பது பழைய பலகைக்கும் புதிய பலகைக்கும் உள்ள தடிப்பு வேறுபாடு மட்டுமே. இரும்புச் சட்டங்கள் வழியாகச் சிறிது குளிர் மேலேறத்தான் செய்யும், அதற்கு நடைபாதையில் ஒரு பாய் போதும்.

பிளைவுட் வாங்கும்போது, கொதிநீரையும் தாங்கும் பசையால் ஒட்டப்பட்ட மரைன் வகையையே கேளுங்கள். 8 அடிக்கு 4 அடிப் பலகைகள் 6 தேவைப்படும். மேற்புறம், அடிப்புறம் இரண்டுக்கும் பூச்சு வேண்டும். ஆனால் பூச்சின் பெரும் பங்கு போகவேண்டிய இடம் வெட்டிய விளிம்புகள்தான்; பிளைவுட் தன் விளிம்பு வழியாகவே நீர் குடிக்கிறது. துளை போட்டபின் துளைக்குள்ளும் தூரிகையால் தொடுங்கள். பலகைக்கும் பலகைக்கும் இடையில் 3 மில்லிமீற்றர் இடைவெளி விட்டு, அதை நெகிழும் சீலன்டால் நிரப்புங்கள். மேலே வினைல் சுருளைப் போடுங்கள். லமினேட் பலகை அழகாக இருக்கும், ஆனால் அதன் உள்ளே இருப்பது அழுத்திய மரத்தூள். ஒரு வாளி நீர் கொட்டினால் விளிம்புகள் பொங்கிவிடும்.

காலத்தையும் கவனியுங்கள். மேற்குச் சரிவில் மே மாதம் தென்மேல் பருவமழை தொடங்கிவிட்டால் செப்டம்பர்வரை எதுவும் உலராது. வட்டவளைப் பக்கம் ஆண்டு மழை 5000 மில்லிமீற்றரைத் தாண்டும். இரும்புக்கு வர்ணம், பலகைக்குப் பூச்சு ஆகிய இரண்டையும் மார்ச் முடிவதற்குள் முடித்துவிடுங்கள்.

மேல்கொத்மலைச் சாரதி (ஐந்து வாரங்களுக்குப் பின்):

அனைவருக்கும் நன்றி கூறி, நடந்ததை எழுதுகிறேன். நீர் அடித்துப் பார்த்ததில் இடது பக்க ஜன்னல்களில் 4 கசிந்தன, பட்டிகளை மாற்றினோம். பலகை முழுவதையும் பெயர்க்க 2 நாட்கள் பிடித்தன. பலகைக்கும் சட்டத்துக்கும் இடையிலிருந்து 2 ரூபாய்க் குற்றிகள், பென்சில்கள், ஒரு பிள்ளையின் வெள்ளிக் கொலுசு ஆகியன கிடைத்தன. கொலுசு யாருடையது என்று என் மனைவி இன்னும் விசாரித்துக்கொண்டிருக்கிறார்.

குறுக்குச் சட்டங்களில் 3இன் முனைகள் சுத்தியல் பட்டதும் உதிர்ந்தன. எங்கள் பாஸ், மேலேயே அடித்திருந்தால் இது தெரிந்திருக்காது என்று அவராகவே ஒப்புக்கொண்டு, அன்றைய கூலியில் பாதியைத்தான் வாங்கினார். சட்டங்களை மாற்றி, தேய்த்து, பிரைமர் பூசி, சக்கரங்களைக் கழற்றி, வண்டியைக் கொங்கிறீட் கட்டைகளின் மேல் ஏற்றிவிட்டோம். இப்போது கீழே ஒருவர் தவழ்ந்து போகலாம். ஒரு தவறும் நடந்தது. வயர்க் கட்டைக் குறித்து வைத்திருந்தும், பின்மூலையில் ஒரு திருகை 3 அங்குல நீளத்தில் போட்டுவிட்டேன்; அது வயரைத் துளைத்ததில் உள்விளக்குகள் அணைந்தன. இரண்டு அங்குலத் திருகே போதுமாக இருந்தது.

கடைசியாக ஒரு கேள்வி. கியர்ப் பெட்டிக்கு மேலிருந்த பழைய மூடியின் இடத்தைப் பிளைவுட்டால் மூடிவிடலாமா? எஞ்சினையும் கியர்ப் பெட்டியையும் விரைவில் விற்கப் போகிறேன்.

பண்டாரவளைத் தச்சர்:

விற்கும்வரை மூடாதீர்கள் ஐயா, விற்றபின்பும் நிரந்தரமாக மூட வேண்டாம். அந்த இடத்தில் இரண்டடிச் சதுரத் துண்டொன்றை, நான்கு பக்கமும் சட்டத்தின் மேல் அமரும்படி தனியாக வெட்டி, பித்தளைத் திருகுகளால் பிடியுங்கள். வினைலையும் அந்தச் சதுரத்தின் விளிம்போடு வெட்டிவிடுங்கள். மழைக்காலம் முடிந்ததும் அதைத் திறந்து, டோர்ச் அடித்து, ரிஜிபோமின் கீழே கையை வைத்துப் பார்க்கலாம். மணமகள் வந்தபின் அந்த மூடியின் மேல் கட்டிலின் கால் வராதபடி மட்டும் இப்போதே அளந்துகொள்ளுங்கள்.

மேல்கொத்மலைச் சாரதி:

அளந்துவிட்டேன், தம்பி. கட்டிலின் கால் நேராக அதன் மேல்தான் வருகிறது. கட்டிலை ஓர் அடி பின்னால் தள்ள வேண்டும்.